வருகிறவருக்கென்று வைத்த தட்டு

எனக்கு எழுத வராது. செலியமேடு பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். இப்போது பேனாவைப் பிடித்தால் எழுத்து கோணுகிறது, பாதி விஷயம் மறந்தும் போகிறது. முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். வருஷ நினைவு நாளுக்கு அச்சடிக்கிற மலரில் எங்கள் தம்பி மனைவியைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். வீட்டில் நான் அவரை வாடி, போடி என்றுதான் கூப்பிட்டேன். அச்சில் வருவதால் அவர் என்று எழுதுகிறேன். தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவர் பிறந்தது போலந்து நாட்டில் ஒரு கிராமம். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைகிற பூமி. குளிர்காலம் முழுக்கத் தரையே தெரியாமல் பனி மூடிக்கிடக்குமாம். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா மாடு கறந்து ஆளாக்கினார். வளர்ந்தபிறகு கடலோரப் பட்டணத்துக்குப் போய், கப்பல் கட்டும் இடத்தில் தொழிலாளிகளுக்குச் சமைக்கும் கேன்டீனில் வேலை பார்த்தார். அங்கே வெல்டிங் வேலைக்குப் போன எங்கள் தம்பி குளிரில் நடுங்கிக்கொண்டு தட்டோடு நின்றான். அவன் கேட்காமலே இரண்டாவது கரண்டி பீட்ரூட் சூப்பு ஊற்றினாராம். அதில் ஆரம்பித்ததுதான் கல்யாணம் வரை வந்தது.

அப்போது நான் கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், அம்மா வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்ளத் தம்பி மனைவியோடு ஊருக்கே வந்துவிடுகிறான் என்று சேதி வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. "வெள்ளக்காரி வந்தா தனி ரூம்பு கேப்பா. ஒனக்கு எங்கடி எடம்?" என்றாள். எனக்கும் அந்தப் பயம்தான். பாகூரில் சித்தி மகள் வீடு இருந்தது. போகச்சொன்னால் போய்விடலாம் என்று புடவைகளை ஒரு பையில் மடித்துத் தயாராகவே வைத்திருந்தேன்.

அவர் வந்தார். வந்த மறுநாளே அடுப்படியில் நின்றார். தம்பி என்னை அக்கா என்பதால் அவரும் அக்கா என்றார். 'வாங்க, போங்க' சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை. "அக்கா, நீ வா. அக்கா, நீ பாரு," அவ்வளவுதான்.

பார்த்தேன். பார்த்துப் பார்த்து வாய்பிளந்து நின்றேன். நாம் புழங்குகிற அதே உருளைக்கிழங்கு, அதே வெங்காயம், அதே மைதாதான். அவர் கையில் பட்டால் வேறு ஒன்றாகிவிடும். பால் திரிந்தால் நாம் தலையில் அடித்துக்கொண்டு கொட்டுவோம். அவர் சிரித்த முகமாக அதைச் சூடாக்கித் துணியில் கட்டித் தொங்கவிடுவார். பஞ்சு மாதிரிக் கட்டி கிடைக்கும். "பால் திரிஞ்சிபோச்சா, போலந்து மருமவ கிட்ட குடு" என்று தெருவே சொம்பைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது.

ஒருநாள் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்துப் பூண்டு தட்டிப்போட்டு, ஜாடியைத் துணியால் மூடி வைத்திருந்தார். நாலைந்து நாளில் புளித்த வாசனை அடித்தது. மாவு கெட்டுப்போனது என்று கொட்டப்போனேன். ஓடிவந்து ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் ஊரில் வேறு ஒரு தானிய மாவில் செய்வார்களாம், இங்கே அது கிடைக்காததால் கேழ்வரகு. கொதிக்கவைத்து, அவித்த முட்டையும் கிழங்கும் போட்டு அம்மாவுக்கு ஊட்டினார். அம்மா சப்புக்கொட்டினார். "அடியே, இவ ஊர்லயும் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துவாங்களா?" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நெல்லே விளையாத அவ்வளவு தூரத்து ஊரில், நம்மைக் கேட்காமல், நாம் அவர்களைக் கேட்காமல், அங்கேயும் பெண்கள் மாவைப் புளிக்கவைத்துக் காத்திருக்கிறார்கள். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

இனி அந்த மார்கழிச் சாயங்காலம். இயேசு பிறப்புக்கு முந்தின நாள். காலையிலேயே என்னிடம் வைக்கோல் கேட்டார். "மாட்டுக்கா?" என்றேன். இல்லையாம், சாப்பிடுகிற இடத்தில் பரப்பவேண்டுமாம். கூடத்தில் வைக்கோலைப் பரப்பி, மேலே தம்பியின் வெள்ளை வேட்டியை விரித்தார். அன்றைக்குக் கறி கிடையாது. பீட்ரூட் சூப்பு, மீன், முட்டைக்கோசு, அப்புறம் பியெரோகி. சோமாசி மாதிரியே இருக்கும். உள்ளே மசித்த கிழங்கும் பால்கட்டியும். எண்ணெயில் போடாமல் உப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள்.

முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பிடவேண்டும் என்றார். வானமோ மழைக்குக் கட்டிக்கொண்டு நின்றது. அம்மா பொறுக்கவில்லை. "மானம் மூடிக் கெடக்கு, நட்சத்திரத்துக்கு எங்கடா போறது? பசிக்குது!"

"இரும்மா, டார்ச் அடிச்சிப் பாக்கறேன்" என்றான் தம்பி.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான் எப்போதும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு அடுப்படியில் சாப்பிடுகிறவள் என்பதால் தட்டு மூன்று போதும். வேட்டி மேல் நான்கு தட்டு இருந்தது. அம்மா பார்த்தார். "அது ஒங்கப்பாவுக்குடி. படையல் போட்டிருக்கா பாரு. நல்ல பொண்ணு. கற்பூரம் ஏத்து" என்றார். நானும் அந்தத் தட்டுக்கு முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து, தண்ணீர் வைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன்.

அவர் திகைத்துப்போய்த் தம்பியிடம் அவர் பாஷையில் என்னவோ கேட்டார். தம்பி சிரித்தான். "அக்கா, அது செத்தவங்களுக்கு இல்ல. இவங்க ஊர்ல ஒரு தட்டு அதிகமா வப்பாங்க. யார் வந்தாலும் அது அவங்களுக்கு. 'போ'ன்னு சொல்லக்கூடாது."

"இன்னிக்கு யார்டா வரப்போறாங்க?" என்றேன்.

அவருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "அக்கா வந்தாச்சு. அக்கா, ஒக்காரு."

நான் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. வைக்கோல் குத்தியது மட்டும் நினைவிருக்கிறது. மறுநாள் பையிலிருந்த புடவைகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் தனியாகச் சாப்பிட்டதே இல்லை.

அம்மா கண்மூடும்வரை அவருக்கு ஊட்டியது தம்பி மனைவிதான். ஒரு பெண் பிள்ளையைப் பெற்று நர்சிங் படிக்கவைத்தார். ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போவார், திரும்பும்போது சந்தையில் முட்டைக்கோசு பேரம் பேசுவார். "இன்னா வெல சொல்ற, அநியாயமா இல்ல?" என்று அவர் கேட்டதும் கடைக்காரர் பேரத்தை மறந்துவிடுவார்.

பிறகு அவர் வயிற்றில் கட்டி என்றார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சாப்பாடு இறங்கவில்லை. அவருக்காக நான் முதல்முறையாகப் பியெரோகி செய்தேன். தண்ணீரில் போட்டதும் எல்லாம் வாய்பிளந்து கரைந்துவிட்டது. அழுதுகொண்டே அந்தத் தண்ணீரைக் கொண்டுபோனேன். இரண்டு வாய் குடித்தார். "அக்கா, இது சூப்பு. நல்லா இருக்கு" என்று சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

இப்போது வருஷம் திரும்புகிறது. படையலில் அவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும் அல்லவா? பங்காளி அண்ணன் ஒப்பவில்லை. "வட, பாயசம், கறிக்கொழம்பு வெய்யி. தண்ணில வெந்த சோமாசிய வச்சா ஊரு சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் அண்ணே. சிரிச்சிகினே நாலு துண்ணுட்டுப் போவட்டும்" என்றான் தம்பி.

யாரிடம் கற்றுக்கொள்வது? போலந்தில் அவருடைய அம்மா இருக்கிறார். தம்பி மகள் போனில் முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிட்டுப் பிடித்தாள். அவர் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவருக்குத் தெரியாது. அங்கே அவர் டம்ளரால் மாவை வட்டமாக வெட்டினார், இங்கே நானும் வெட்டினேன். ஓரத்தில் மாவு ஒட்டாமல் துடைத்துவிட்டு, பெருவிரலால் இறுக்கி அழுத்திக் காட்டினார். நானும் அழுத்தினேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் உடையாமல் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தது. போனில் அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பெற்ற மகளைப் பறிகொடுத்தவர், உலகத்தின் அந்தக் கோடியில் இருந்து, அவள் படையலுக்கு என்னைச் சமைக்க வைத்துவிட்டார். இதற்கு என்ன பேர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோ எடுத்த பாகூர் தம்பிக்கும், மீன் ரசம் வைத்துக் கொடுத்தனுப்பிய பூரணாங்குப்பம் உறவுகளுக்கும், ஜெபம் செய்த மாதா கோயில் அக்காமார்களுக்கும் எங்கள் வீடே கைகூப்புகிறது.

நினைவு நாளன்று பந்தியில் ஒரு இலை ஆள் இல்லாமல் இருக்கும். அதற்கு யாரும் கற்பூரம் காட்டவேண்டாம். அது அவருக்கு வைத்தது இல்லை. தாமதமாக வந்தவர், அழைப்பு கிடைக்காதவர், கூச்சப்பட்டு ஓரமாக நிற்கிறவர், யாராக இருந்தாலும் அதில் உட்காரவேண்டும்.

பலகாரங்களின் பேரும் அவர் ஊர் வழக்கமும் நான் காதால் கேட்டு எழுதியது. தம்பி மகள் அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பாட்டியிடம் போனில் ஒருமுறை கேட்டுச் சரிபார்க்கட்டும். அந்த மார்கழிச் சாயங்காலம் கடைசியில் நட்சத்திரம் தெரிந்ததா, தெரியாமலேதான் சாப்பிட்டோமா என்பதையும் தம்பி பார்த்துத் திருத்தட்டும். எனக்கு நினைவில்லை, நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.