பெட்டிக்குள் ஓடிய கடிகாரம்

ஈரோட்டிலிருந்து மைசூருக்கு நாங்கள் குடிவந்தபோது, எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பழைய துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தவர்கள் பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மணி தெரிய வேண்டுமென்றால் அம்மா சமையலறையிலிருந்தே, "கண்ணு, பெட்டியைப் பாரு" என்பாள். நான் ஓடிப்போய்த் துண்டை விலக்கி, எட்டிப் பார்த்துச் சொல்வேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

கடிகாரம் மட்டுமா? சாமி படங்கள் சுவரோரமாகத் தரையில் சாய்ந்து நின்றன. கண்ணாடியும் அப்படித்தான். அப்பா தினமும் அதன் முன்னால் மண்டியிட்டுத் தலைசீவிவிட்டு வேலைக்குப் போவார். காலண்டர் ஃபிரிட்ஜ் மேல் மல்லாக்கப் படுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் அம்மா சொன்ன காரணம் ஒன்றுதான். சுவரில் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாதென்று வீட்டு ஓனரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

ஓனரம்மா மாடியில் குடியிருந்தார். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவராம். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர்தான், பேசுகிற தமிழில் பாதி கன்னடமாக இருக்கும். என்னைப் பார்த்தால் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். சிரித்துக்கொண்டே காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம். படிக்கட்டுப் பக்கம் போனால்கூடச் சுவரில் கை படாமல் நடப்பேன்.

அந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளாது. எங்கே உட்கார்ந்தாலும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். பள்ளியில் நான் வரைந்த யானைக்கு, அம்பாரியோடு போகும் தசரா யானை அது, பரிசு கிடைத்தது. அதை ஆசையாகச் செல்லோடேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அம்மா வந்து உரித்தெடுத்தாள். "பெயிண்டு வந்துருச்சுன்னா ஓனரம்மா சும்மா உடுவாங்களா?" என்றாள். யானை தரையில் முருகனுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. கூடப்படிக்கும் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்பார்கள். நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பேன். எல்லாம் தரையில் கிடக்கிற வீட்டை யாருக்குக் காட்டுவது?

அப்பா இதில் வாயே திறக்க மாட்டார். அவர் ஹூட்டகள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். "ஒரே வருஷம், அப்புறம் ஈரோட்டுக் கிளைக்கே மாத்திருவாங்க" என்று சொல்லித்தான் அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். ஆணி என்ற பேச்சை யாராவது எடுத்தால் ஃபேனைப் பார்ப்பார்.

அப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. ராமாபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. வந்த வீட்டில் காபி குடிப்பதற்குள் ஒரு குழாயையாவது இறுக்கிவிடுவார். அன்று உள்ளே நுழைந்ததும் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போனது.

"என்னக்கா இது, ஆணிக் கடைக்காரன் அக்கா ஊட்டுல ஒரு ஆணி இல்ல? வெளிய தெரிஞ்சா எங்கட்ட எவன் யாவாரத்துக்கு வருவான்?"

"ஓனரம்மா கூடாதுன்னுட்டாங்க தம்பி. நீ பாட்டுக்கு ஏதாச்சும் பண்ணி வெச்சுறாதே" என்று சொல்லிவிட்டு அம்மா கறிக் குக்கரை அடுப்பில் ஏற்றப் போனாள்.

மாமா என்னைப் பார்த்தார். பையிலிருந்து சுத்தியலும் ஒரு பொட்டலம் கான்கிரீட் ஆணியும் வெளியே வந்தன. ஊருக்கு வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள், இவர் ஆணி கொண்டுவந்திருந்தார். திட்டத்தை என் காதில் சொன்னார். குக்கர் விசில் அடிக்கும்போது சுத்தியலையும் அடித்தால், சமையலறையில் அம்மாவுக்கும் கேட்காது, மாடியில் ஓனரம்மாவுக்கும் கேட்காது. நான் சமையலறை வாசலில் நின்று, வெயிட் ஆடத் தொடங்கியதும் கையைத் தூக்க வேண்டும்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வெயிட் ஆடியது. கையைத் தூக்கினேன். விசில். டங்! மாமா ஸ்டூல் மேல் ஓங்கிய கையோடு அடுத்த விசிலுக்குக் காத்திருந்தார். இரண்டாவது விசிலில் ஆணி வளைந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடியது. இன்னொரு ஆணி. கறி முற்றல் போலிருக்கிறது, விசிலுக்குப் பஞ்சமில்லை. அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கூடத் திருப்பவில்லை.

ஆணி முக்கால்வாசி இறங்கிய நேரத்தில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். விசில் நின்றது. மாமாவின் கை நிற்கவில்லை. டங், டங், டங் என்று வீடே அதிர்ந்தது.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். அதே நேரம் மாடியில் நாற்காலி நகர்ந்தது. படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. அவ்வளவுதான், இன்றைக்கே சாமான்களைத் தெருவில் எடுத்து வைக்கப் போகிறார்கள் என்று நான் என் யானைப் படத்தைத் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

வாசலில் நின்ற ஓனரம்மா ஆணியைப் பார்த்தார். மாமா சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்கம்மா. ஆணி அடிக்கக் கூடாதுன்னீங்களாமா, ஒண்ணே ஒண்ணுதான்..." என்று இழுத்தார்.

"அய்யோ ராமா, யாவாக? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார் ஓனரம்மா. "ஒரு வருஷமா சாமியெல்லாம் நெலத்து மேலேயே இருக்காரே, இவங்க பழக்கம் போலன்னு நான் சும்மா இருந்தேன். கேட்டிருந்தா ட்ரில் மிஷினே கொடுத்திருப்பேன்ரீ!"

கையோடு மாடிக்குப் போய் அந்த ட்ரில் மிஷினைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தார். போகும்போது என் யானையைப் பார்த்து, "இதுக்கும் ஒரு ஆணி போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அம்மா பொய் சொல்லிருக்கு!" என்று கத்தினேன். யாராவது அம்மாவைக் கண்டிப்பார்கள் என்று அப்பாவைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு பார்க்க வந்த அன்று ஓனரம்மாவோடு பேசி முடித்தவரே அப்பாதான். அப்படி ஒரு தடையே இல்லை என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதெல்லாம் எனக்கு எங்கே உறைத்தது?

ஈரோட்டுக்குத் திரும்பும் பேச்சு இனி இல்லை என்று அந்த வாரம்தான் தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்களாம். அதை அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லாமல் அப்பா மாமாவுக்குப் போன் போட்டு, வந்து சொல்லிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கும் தைரியமில்லை. அவர் கைவசம் இருந்தது ஆணிதான். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

மாமா பெட்டியைத் திறந்து கடிகாரத்தை எடுத்துத் துடைத்து மாட்டினார். கொஞ்சம் கோணல். ஒருவரும் அதைச் சரிசெய்யவில்லை. அம்மா கரண்டியை இன்னும் கீழே வைக்காமல் அதன் முன்னால் வந்து நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பாமலே, "அப்ப, ஈரோட்டுக்கு நாம போறதில்லைன்னு ஆயிருச்சு. இல்லீங்களா?" என்றாள்.

அப்பா பேப்பரை மடித்தார்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. இத்துனூண்டு ஆணிக்கு இவ்வளவு பெரிய கவலையா? கோபத்தை மறந்து அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "அதுக்கென்னம்மா? போறப்ப ஆணியைப் புடுங்கிக்கலாம். மாமா கடையில பட்டி இருக்கு, ஓட்டையை அடைச்சுட்டா ஆருக்கும் தெரியாது!"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் கொட்டுகிற வரைக்கும் சிரித்தாள். மைசூருக்கு வந்ததிலிருந்து அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளைச் சிரிக்க வைத்தது நான்தான் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே பெருமை.