பிள்ளைக்கு மூச்சுக் கேட்ட நாள்

1979 நவம்பர் 21, புதன்கிழமை. என் மகள் எஸ்தருக்கு அப்போது மூன்று வயது. தொண்டை அடைப்பான் என்றார் கொடைக்கானல் டாக்டர். ஊசி மருந்து மதுரையில்தான் கிடைக்கும், சாயங்காலத்துக்குள் போய்விடுங்கள் என்றார். 9.40 பஸ்ஸில் ஏறினோம். பாதி மலை இறங்கியதும் பஸ் நின்றது. முன்னால் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. என் மனைவி ஞானம் என் முகத்தையே பார்த்தாள். 

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினொரு வருடம் கத்தோலிக்கக் குருவாக இருந்தேன். செபப் புத்தகங்கள் எழுதினேன். 1974 மே மாதம் புராட்டஸ்டண்ட் சபைக்கு வந்தேன். மறு வருடம் திருமணம். ஏன் வந்தேன் என்று தனியாக ஒரு நூலே எழுதிவிட்டேன். விட்டு வந்த இடத்தின்மேல் கசப்பில்லை. அங்கே ‘சாமி’யாக இருந்தவன் இங்கே சபைப் போதகராகி ‘ஐயர்’ ஆனேன். ஆனால் புதிய சபையார் எதிர்பார்த்த ஒன்று எனக்கு வரவேயில்லை: எழுதிவைக்காமல் ஜெபிப்பது. வீட்டு ஜெபத்துக்கும் சட்டைப் பையில் தாளோடுதான் போவேன். சபை மூப்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "காத்துல தாளு பறந்துட்டா என்ன செய்வீங்க ஐயரே?"

அன்று பஸ்ஸில் மன்னவனூர் விவசாயி குருசாமி இருந்தார். சந்தையில் பார்த்துப் பழக்கம். நெற்றி நிறைய விபூதி. "நீங்க ஒங்க சாமியக் கூப்புடுங்க ஐயரே. நான் வழி இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று இறங்கிப் போனார்.

வாய் திறந்தேன். அழகான வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "அப்பா, பிள்ளைக்கு மூச்சுக் குடுங்க" என்றேன். திரும்பவும் அதையே சொன்னேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

குருசாமி முழங்கால்வரை சேறோடு வந்தார். "அந்தப் பக்கம் காய் ஏத்த வந்த லாரி காலியா நிக்குது. டிரைவரு திரும்பி எறங்குறேங்குறாரு. வெரசா வாங்க." தன் கம்பளியில் எஸ்தரைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினார். கையைப் பிடித்துப் பிடித்து நாங்களும் கடந்தோம். வத்தலக்குண்டில் ஒரு கார் கிடைத்தது. 3.15க்கு மதுரையில் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் காலையில் எஸ்தர் இட்லி கேட்டாள்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பாடகர் குழுவில் எல்லாரையும்விடச் சத்தமாக, சுருதி தவறிப் பாடுகிறாள். ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கேட்டு நன்றி சொல்கிறேன். நோயாளிகளின் வீட்டில் இப்போதெல்லாம் நான் அதிகம் பேசுவதில்லை. என்ன வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு, அதையே கர்த்தரிடம் கேட்கிறேன்.

இதை வாசிக்கிற நீங்களும், வார்த்தை நன்றாக அமையட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் வருகிற பேச்சிலேயே இன்றைக்கு அவரிடம் கேளுங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.