அக்காவைப் பட்டிக்குள் விடாத வருஷம்

அந்த வருஷம் ஐப்பசியில் மச்சானின் பட்டியில் சினை ஆடுகள் ஒவ்வொன்றாகக் குட்டி வீசத் தொடங்கின. மச்சான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு பட்டி செம்மறியும் இருந்தன. உசிலம்பட்டிச் சந்தையில் வாங்கிவந்த சினை ஆட்டுக்குத்தான் முதலில் கலைந்தது. பிறகு பட்டியிலேயே பிறந்து வளர்ந்தவையும் வீசின. மாதம் நிறையாத அந்தக் குட்டிகளுக்கு மயிர்கூட முளைத்திருக்காது.

நான் அப்போது பள்ளி இறுதி வகுப்பு தேறி, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எதற்கும் எங்கள் ஊரான விளாங்குடிக்கு ஆள் அனுப்பிவிடுவார் மச்சான். ஆட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. ஆனாலும், "படிச்சவன் நீ வந்து பாரு மாப்ள" என்பார்.

நான் போனபோது அக்கா பட்டிக்குள் இருந்தாள். குட்டி வீசிய ஆட்டுக்கு உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடியைக் கையாலேயே எடுத்துப்போட்டாள். கையை மண்ணில் துடைத்துக்கொண்டு மற்ற சினை ஆடுகளின் வயிற்றை வரிசையாகத் தடவினாள். முழுகாமல் இருக்கிறவள் கை பட்டால் ஆட்டுக்குச் சினை நிற்கும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அக்காவுக்கு அது ஐந்தாம் மாதம். முந்தின வருஷம் அவளுக்கே ஒன்று நிற்காமல் போயிருந்தது. அதனால்தானோ என்னவோ, ஒரு ஆட்டையும் விடாமல் தடவினாள்.

மறுநாள் காலையில் மச்சானும் நானும் மதுரைக்கு நடந்துபோய் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம்.

"இது ஒட்டுவாரொட்டி. வீசின குட்டியிலயும் நஞ்சுக்கொடியிலயும்தான் நோய் இருக்கு. நாய்க்குப் போடாதீங்க. ஆழமாக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. வீசின ஆட்டைத் தனியாக் கட்டுங்க" என்றார் டாக்டர். நாங்கள் எழுந்த பிறகு, "என்ன கிருமின்னு இங்க வச்சுச் சொல்ல முடியாது. இதுல சிலது மனுசருக்கும் வரும். வீட்ல பிள்ளத்தாச்சி இருந்தா பட்டிப் பக்கமே விடாதீங்க" என்றார்.

திரும்பும் வழியில், அரசரடி தாண்டியதும் மச்சான் நின்றார்.

"நாந்தான் மாப்ள அவளைத் தடவச் சொன்னேன்."

"அக்காட்ட சொல்லிருவோம் மச்சான்."

"நீ சொல்லு."

"நீங்கதான் சொல்லணும்."

"படிச்சவன் நீயா நானா?"

இரண்டு நாள் இருவரும் சொல்லவில்லை. போன வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? அவளை உள்ளே விடாமலிருக்க, பட்டியில் சேறு வழுக்குகிறது என்றார் மச்சான். கிடா முட்டுகிறது என்றார். மூன்றாம் நாள் அக்கா படலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எந்தக் கெடா? இதா? நான் வாளியத் தூக்குனாலே பின்னாடி வரும். நகருங்க."

மச்சான் நகராமல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். "ஆட்டுக்கு வந்தது ஒனக்கும் வந்துரலாம்னு டாக்டர் சொன்னாருக்கா. வரும்னு சொல்லல. வரலாம்னுதான்."

அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பயந்தேன்.

"ரெண்டு நாளா ரெண்டு பேரும் இதை வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சீகளாக்கும். அதுல ஒருத்தன் படிச்சவன் வேற" என்றாள். வீட்டுக்குப் போய் வெந்நீர் வைத்து, சீயக்காய் போட்டு, முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் தீர்ந்ததும் இன்னொரு பானை வைத்தாள்.

அதன்பின் அவள் பட்டிக்குள் கால் வைக்கவில்லை. தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். இன்னும் இரண்டு ஆடுகள் வீசின. மச்சானும் நானும் குழி வெட்டிப் புதைத்தோம். மீதி ஆடுகள் மாதம் நிறைந்து ஈன்றன. ஈற்றுப் பார்ப்பது எப்போதும் அக்காவின் வேலை; அதுவரை மச்சான் அதில் கை வைத்ததே இல்லை.

"இழுக்காதீக. அது முக்கும்போது மட்டும் புடிங்க."

"புடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

"எதை, வாலையா?"

குட்டி கீழே விழுந்து தலையை உதறியது. மச்சான் அதை உயரத் தூக்கிக் காட்டினார். "போதும், எறக்குங்க. தாய் நக்கட்டும்" என்றாள். ஆனால் நாங்கள் மூவரும் நினைத்துக்கொண்டிருந்தது வேறு பிரசவத்தை.

மாசிக் கடைசியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. சிவப்பாக, வாய் ஓயாமல் கத்திக்கொண்டு. சேதி கேட்டுப் பட்டியிலிருந்து ஓடிவந்த மச்சான் கிணற்றில் குளித்து, வேட்டி மாற்றி, வாசலில் நின்றார்.

"கையைக் காட்டுங்க" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

காட்டினார்.

"நகம்?"

மச்சான் மறுபடி கிணற்றடிக்குப் போனார்.