தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பினாங்கில் டிராம் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்களே, அதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. டத்தோ கிராமட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பலகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் டிராமில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்தார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் இரண்டாவது மகள் எழுதுகிறாள். "இதையெல்லாமா பத்திரிகைக்கு எழுதுவாங்க?" என்று ஏற்கெனவே ஒரு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பேசாமல் எடுத்து எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகளைச் சீண்டுவதற்கு நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. உன்னை நாங்கள் பெறவில்லை, தவிட்டுக்கு வாங்கினோம் என்போம். பிள்ளை உதட்டைப் பிதுக்கும், எல்லாரும் சிரிப்போம், தூக்கிக் கொஞ்சுவோம், அதோடு முடிந்தது. என் கடைசிப் பையன் விஷயத்தில் அது சீண்டல் இல்லை. அவனை நான் உண்மையாகவே தவிட்டுக்கு விற்றேன்.

எனக்கு முதலில் இரண்டு பெண்கள். அதற்குப் பிறகு பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளையும் வாரிக் கொடுத்தேன். ஒருவன் மூன்று வயதில், இன்னொருவன் ஐந்து முடியும் சமயத்தில். இரண்டு பேருக்கும் காய்ச்சல், வலிப்பு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் நிற்கவில்லை. ஐந்தாவதாக இவன் பிறந்தபோது மருத்துவச்சி, இந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால்தானே எமன் வருவான், கைமாற்றி விடு என்றாள். ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். எனக்கு அப்போது யார் என்ன சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

எதிர் வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். புருஷன் செத்துப் போனவள், பிள்ளை கிடையாது. நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தாள். பிறந்த மூன்றாம் நாள் பிள்ளையை முறத்தில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்துமுனைக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பின்னாலேயே அவள் வந்து எடுத்தாள். மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து என் மடியில் போட்டாள். அன்றிலிருந்து பேருக்கு அவன் அவள் பிள்ளை, நான் அவனை வளர்த்துக் கொடுக்கிறவள். பெயரும் குப்பையோடு சேர்ந்த பெயர்தான் வைத்தோம்.

விளையாட்டுப் போலத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில், காய்கறி வாங்கும் பாசாரில் யாராவது உன் மகனா என்று கேட்டால், "எனக்கேது மகன்? பால்கார அம்மா பிள்ளை" என்பேன். சந்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், சிரித்துக்கொள்வார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "இப்பச் சொல்லு" என்று காதைக் காட்டுவான். நீ என் பிள்ளைடா என்று அவன் காதுக்குள் மட்டும் சொல்வேன். அதையும் பயந்து பயந்துதான் சொல்வேன்.

ஐந்து வயது தாண்டியது. ஆறும் முடிந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தூக்கிப் போய் முடி இறக்கினோம். என் வீட்டுக்காரர் மொட்டைத் தலையில் சந்தனத்தைத் தடவிவிட்டு, "இனிமே இந்தக் கூத்தெல்லாம் போதும். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல சேத்துரு. எம் பேரையே கொடு" என்றார். அவர் பேரை நான் வாயால் சொல்ல மாட்டேன் என்பதால், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தார். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பெண்கள் இரண்டு பேரும் இரண்டிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனார்கள், பிறகு பகலில் தையல் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வீட்டில் சத்தம் குறைந்தது என்று நினைத்திருப்பேன். இவன் அப்படி இல்லை. காலையிலிருந்து இருட்டும்வரை என் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவன். விறகு வாங்கப் போனாலும் கூட வருவான், மாவு அரைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசுவான். அன்று காலை புதுச் சட்டையை மாட்டிவிடும்போது பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இவன் போய்விட்டால் பகலில் நான் யாரோடு பேசுவேன் என்று நினைத்தேன். இரண்டு பேரைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் பிழைத்திருக்கிறானே என்று நினைக்கவும் பயமாக இருந்தது. சந்தோஷப்பட்டால் அதுவே கண்ணேறாகிவிடும் என்று சிடுசிடுவென்று திட்டிக்கொண்டே தலையைத் துடைத்தேன்.

பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. ஒரே நீளக் கூடம், மூன்று படி ஏற வேண்டும். படியில் நின்றுவிட்டான். "உள்ள என்ன செய்வாங்க?" என்றான். ஒன்றும் செய்ய மாட்டார்கள், வா என்றேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

வாத்தியார் பெரிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். பையன் பேரைக் கேட்டு எழுதினார். "யார் மகன்?" என்றார்.

முந்தானை முடிச்சில் கை வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்துக் கொடுக்கத்தான் போனேன். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் முடிச்சை அவிழ்க்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதுவரை வாயால் சொல்லாததை எழுத்தில் வைக்கப் போகிறோம், எழுதினதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தோன்றியது. செத்துப் போன இரண்டு பேர் முகமும் வந்து நின்றது. பிள்ளை என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் புள்ள இல்லீங்க. எதுத்த வீட்டு அம்மா புள்ள. சேத்துவிடச் சொன்னாங்க" என்றேன். அந்த அக்கா பேரையும் சொன்னேன். வாத்தியார் எழுதினார். எழுதிவிட்டு, சரியா என்று உரக்கப் படித்தும் காட்டினார். இன்னாருடைய மகன் இன்னான். கூடம் முழுக்கக் கேட்டது.

பையன் அழவில்லை. மற்ற பிள்ளைகள் முதல் நாள் தாயைக் கட்டிக்கொண்டு கத்துகிறார்களே, அந்த மாதிரி எதுவும் இல்லை. காட்டின இடத்தில் போய் உட்கார்ந்தான். பரவாயில்லை, தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எமனை இன்னொரு முறை ஏமாற்றிவிட்டேன் என்று நிம்மதிகூடப் பட்டேன். வெறும் வீட்டில் உட்கார்ந்து அழுதேன், பிறகு அவனுக்காகக் கருவாடு பொரித்தேன்.

மத்தியானம் கூப்பிடப் போனால் அவன் அங்கே இல்லை. அப்போதே போய்விட்டானே என்றார் வாத்தியார். ரோட்டில் டிராம், மாட்டு வண்டி, ரிக்‌ஷா. ஓரத்தில் ஆள் ஆழத்துக்குச் சாக்கடை. அதற்குள்ளெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தேன்.

எதிர் வீட்டு மாட்டுக் கொட்டகை வாசலில் தட்டை மடியில் வைத்துச் சோறு தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அந்த அக்கா விசிறிக்கொண்டிருந்தாள். உயிர் வந்தது எனக்கு. வாடா வீட்டுக்கு என்று கையைப் பிடித்தேன். மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டான்.

"நான் இனிமே இங்கதான் இருக்கணும். வாத்தியார் புத்தகத்துல எழுதிட்டாரு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வெளியாளுக்கு வழி சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னான்.

அவன் காதுக்குள் சொல்லலாம் என்று குனிந்தேன். காதைக் கையால் மூடிக்கொண்டான்.

"நான் கேட்டு வாங்கல தங்கச்சி" என்றாள் அந்த அக்கா. "நீதான் கொண்டாந்து கொடுத்தே. பயந்துருக்கான், சாப்பிடட்டும் விடு."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். காக்கிக் கோட்டைக் கழற்றாமலேயே எல்லாவற்றையும் கேட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை. எதிர் வீட்டுக்குப் போய்ப் பையனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். "நான் தூக்கிட்டு வந்தா வந்துருவான். ஆனா கொடுத்தது நீ. நீயே போய் எம் புள்ளன்னு சொல்லிக் கூட்டிட்டு வா" என்றார்.

ஒரு வார்த்தைதான். நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. சொன்ன மறுநாள் காய்ச்சல் வந்தால் என்ன செய்வேன் என்பதிலேயே என் புத்தி நின்றது. எட்டு நாள் என் வாசலில் நின்றுகொண்டு, என் பிள்ளையை இன்னொருத்தி குளிப்பாட்டித் தலை துவட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை எழுதுகிறாளே, இவள்தான் குழம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவாள். சாப்பிட்டானா என்று கேட்பேன். சாப்பிட்டான் என்பாள். என்னைக் கேட்டானா என்று கேட்க வாய் வராது. சந்தில் எதிரே வந்தால் அவன் ஒதுங்கி வழி விடுவான்.

எட்டாம் நாள் குழாயடியில் அந்த அக்கா வாளியை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். "எம் புள்ள இன்னிக்கு சிலேட்டு நெறைய எழுதிட்டான். எம் புள்ள கையெழுத்தப் பாத்து வாத்தியாரே சிரிச்சாராம்." ஒரு மூச்சில் இரண்டு தடவை எம் புள்ள என்றாள். அக்கம்பக்கம் பார்க்கவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. ஆறு வருஷமாக நான் சேர்த்து வைத்து ஒரு தடவைகூட வெளியில் எடுக்காத வார்த்தை. அவள் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. நிரம்பாத குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

காகிதத்தை வாத்தியார் மேசையில் வைத்தேன். "இவன் நான் பெத்த புள்ளங்க. இதுதான் இவன் அப்பா பேரு. மாத்தி எழுதுங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக, பெரிதாக வந்தது.

"ஏம்மா, பள்ளிக்கூடமா பாசாரா இது? அன்னிக்கு ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சு" என்று சத்தம் போட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். இருந்தாலும் அடித்துவிட்டு எழுதினார். என் மகன் எழுந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்தான். வாத்தியார் இருப்பதையும் பார்க்காமல் கேட்டான்.

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"

"அன்னிக்குச் சொன்னதுதான்பா பொய்" என்றேன். யோசித்தான். சரி என்றான். மத்தியானம் என்னோடு வீட்டுக்கு வந்தான். அவன் துணியை எடுக்கப் போனபோது அந்த அக்கா மடித்து வைத்துத் தயாராக இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு பால் எங்கள் வாசல்படியில் இருக்கும், அவள் உள்ளே வர மாட்டாள். அவளுக்கு நான் செய்ததும் சின்னப் பாவம் இல்லை.

நான் பயந்த மாதிரி எதுவும் வரவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. நன்றாக வளர்ந்தான். ஆனால் அன்று முதல் ஒரு பழக்கம் வந்தது. நான் எதைச் சொன்னாலும் முதலில் அவன் அப்பா முகத்தைப் பார்ப்பான். நாளைக்கு மழை வரும் என்றாலும், கிழங்கு வெந்துவிட்டது என்றாலும் அப்படித்தான். அவர் தலையை அசைத்தால்தான் நம்புவான். சின்னப் பிள்ளை, மறந்துவிடுவான் என்று காத்திருந்தேன்.

அவன் அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. மகன் இப்போது ஈப்போவில் வேலையாக இருக்கிறான். மாதம் தவறாமல் வருகிறான், மருந்து வாங்கித் தருகிறான், ஒரு குறையும் சொல்ல முடியாது. போன தடவை, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ நிம்மதியாகப் போ என்றேன். அவன் கண் என்னை விட்டு விலகி, பக்கத்தில் நின்ற அவன் சின்ன அக்காள் முகத்துக்குப் போனது. இதை எழுதும்போது அவளும் ஆமாம் என்கிறாள். உயிரோடு இருக்கிறான், அதற்கு முருகனைக் கும்பிடாத நாள் இல்லை. ஆனால் என் பேச்சை மட்டும் நம்பி அவன் கால் எடுத்து வைத்தது, என் விரலைப் பிடித்துப் பள்ளிக்கூடத்து மூன்று படி ஏறிய அந்தக் காலைதான் கடைசி.