போர்வையை விலக்கச் சொன்ன அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்ன தம்பி, "நல்லதா நாலு வார்த்த எழுதுங்கக்கா, அது போதும். ஒங்க டீச்சர் புத்திய இதுல காட்டாதீங்க" என்றான். இருபது வருடம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் தவறுகளைச் சிவப்பு மையால் சுழித்தவள் நான். என்னுடைய தவறும் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு நல்லதை மட்டும் எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளாகக் கை ஓடவில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு ஏசுகிறவர்கள் ஏசலாம்.

அக்கா நிபோங் திபாலுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரெசர் எந்த நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுப்பார். அதைக் குடித்துக் குடித்தே அப்பா போய்ச் சேர்ந்தார். அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எனக்கு ஆறு, தம்பி கைக்குழந்தை. மரம் வெட்டவும் போய், பள்ளிக்கும் போய், எழுபதுகளின் தொடக்கத்தில் பினாங்கில் தாதிப் பயிற்சிக்கு அக்கா சேர்ந்துவிட்டார். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். எங்களுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்; அது அப்படியே நின்று போனது.

வார்டில் அக்கா புலி. பதிவு பெற்ற தாதியாகி, பிறகு வார்டு சிஸ்டரான பின், அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளிகள் தாங்களாகவே விரிப்பை இழுத்துச் சரி செய்துகொள்வார்களாம். பார்வை நேரம் முடிந்தால் சொந்தக்காரன், வேண்டியவன் என்றெல்லாம் பார்க்க மாட்டார். நம் மாமா ஒருவரே அவரால் வெளியே அனுப்பப்பட்டு, ஒரு வருடம் பேசாமல் இருந்தார்.

எண்பதுகளில் ஒரு தொண்டு அமைப்பினர், படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கத் தாதியர் தேடினார்கள். அக்கா வார்டை விட்டு அந்த வேலைக்குப் போனார். அம்மாவுக்கு மனமே இல்லை. "கவர்மெண்டு வேலய விட்டுட்டு வீடு வீடா ஏறி எறங்கப் போறியா?" என்று புலம்பினார். இத்தனை வருடம் வார்டை நடத்தியவளுக்கு ஒரு வீடு என்ன பெரிய காரியம் என்றுதான் அக்கா நினைத்தார். அந்த நினைப்பு ஓர் உயிரைக் கொண்டு போயிற்று.

சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவர். மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே மருமகள் தனியாக அவரைப் பார்த்துக்கொண்டாள். முதல் நாள் விரிப்பு நனைந்திருந்ததைப் பார்த்து, வார்டில் பயிற்சிப் பெண்களை ஏசுவது போல் அக்கா அவளை ஏசிவிட்டு வந்தார். அடுத்த வாரம் போனபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "மிஸ்ஸி, இப்பத்தான் கண்ண மூடுனாரு. எழுப்பாதீங்க லா. ஒக்காருங்க, மைலோ கலக்கிக் கொண்டாறேன்."

அடுத்தவர் வீட்டில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு வரவில்லை. ஹாலில் உட்கார்ந்து குடித்தார். சாப்பிட்டாரா, மருந்து கொடுத்தாயா என்று கேட்டு, அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். போகும்போது அறைக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தார். கழுத்து வரை போர்வை. முகம் சுவரைப் பார்த்திருந்தது. அதற்கடுத்த முறையும் இதே கதைதான். அதற்கும் அடுத்த வாரம் ஹாலுக்குள் கால் வைத்ததும் வாடை வந்தது. அக்கா கோப்பையைத் தொடாமல் உள்ளே போய்ப் போர்வையை விலக்கினார். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் எலும்பு தெரியும் அளவுக்குக் குழிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெரியவர் திரும்பி வரவில்லை.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. "நீங்க ஏசுவீங்கன்னு பயந்துட்டேன் மிஸ்ஸி" என்று அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அக்கா அதற்குப் பிறகு யாரையும் ஏசி நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பிறகுதான் அந்த அமைப்பின் மாடியறையில் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். வந்தவர்கள் சின்னப் பெண்கள் அல்லர். பத்து, பதினைந்து வருடம் வார்டில் நின்ற, பதிவு பெற்ற தாதியர். வீட்டுப் பராமரிப்புக்கு மாற வந்த அவர்களுக்கு அக்கா ஊசி போடக் கற்றுக்கொடுக்கவில்லை. தரையில் ஒரு மெத்தையைப் போட்டு, "இதான் ஒங்க வார்டு" என்பார். ஒருவர், "சிஸ்டர், டிரிப் மாட்ட ஸ்டாண்டு இல்லையே" என்றால், "ஜன்னல் கம்பி இருக்கு, துணி மாட்டுற ஹேங்கர் இருக்கு. தேடு" என்பார். பிறகு அந்தப் பெரியவரின் கதையை, தன் பெயரை மறைக்காமல், நின்றுகொண்டே சொல்வார்.

"ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்க ஒங்களுக்குப் பயப்படுவாங்க. பயந்தா வெளிய போயிடுவாங்க. வீட்டுல பயந்தா மறைப்பாங்க. அதனால ஏசாதீங்க. போர்வைய வெலக்கி முதுகப் பாக்குற வரைக்கும் அந்த வீட்டுல தண்ணி கூடக் குடிக்காதீங்க." இந்த வார்த்தைகளை ஸ்டென்சிலில் வெட்டிப் படியெடுத்துக் கொடுத்தவள் நான்தான். எத்தனை முறை வெட்டினேன் என்று கணக்கில்லை.

அக்கா வீட்டுக்கு வந்தால் பச்சைத் தண்ணீர் கூடத் தொடுவதில்லை, ரொம்பத்தான் கர்வம் என்று நம் உறவில் பலருக்கு வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும். யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தபோதுதான் அவர் அப்படிச் செய்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு, ஆறிப் போன காப்பியையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

பதினொரு வருடம் அக்கா வகுப்பை நடத்தினார். பிறகு அக்காவுக்கு முதுகு வலி வந்தது. தூக்கித் தூக்கிப் பழகிய முதுகு, வலிக்காமல் என்ன செய்யும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது அக்கா, "வீட்டுலயே இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் கட்டில் போட்டோம். நான் பள்ளியில் விடுப்பு எடுத்தேன். அக்காவிடம் படித்த ராஜேஸ்வரி, திங்களும் வியாழனும் தாதியாக வந்து பார்த்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அது நான் வெட்டிய நோட்ஸிலேயே இருக்கிறது. ஆனால் புரட்டும்போது அக்கா போட்ட சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. "விடுடி, அப்பறம் பாத்துக்கலாம்" என்பார். நானும் விட்டேன். ஒரு நாள் விட்டது மூன்று நாளாயிற்று. சிவந்திருந்தது, பிறகு தோல் உரிந்தது, பிறகு நான் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். ஹாலில் சாம்பிராணி போடத் தொடங்கினேன்.

அந்த வியாழக்கிழமை ராஜேஸ்வரி வந்தபோது நான் வாசலில் போய் நின்றேன். "இப்பத்தான் தூங்குனாங்க ராஜி. எழுப்ப வேணாம். ஒக்காருங்க, காப்பி போடுறேன்." சொல்லி முடித்ததும் அது யாருடைய வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது. ராஜி மறுக்க வேண்டும், என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். "சரி டீச்சர், சிஸ்டர் தூங்கட்டும். ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். காப்பி குடித்தார், நான் சொன்னதை எழுதிக்கொண்டார். கதவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிஸ்டர் வீடு என்ற மரியாதை அவரைத் தடுத்தது. திங்கட்கிழமையும் அப்படியே நடந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த வியாழன் ராஜி கோப்பையைக் கையில் எடுத்தபோது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ராஜி, அத வச்சுட்டு உள்ள வா. போர்வைய எடு."

ராஜி எடுத்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா, "டீச்சர ஏசாத. சுத்தம் பண்ணு. எவ்வளவு ஆழம்னு நோட்டுல எழுது. வகுப்புல சொல்லு" என்றார். ராஜி அழுதுகொண்டே கழுவிக் கட்டுப் போட்டார்.

அவர் போன பின் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "மொத நாளே ஏன் கூப்புடல?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு காய்ச்சல் விடவில்லை. மூன்று வாரத்தில் அக்கா காலமானார். நோய் முற்றிவிட்டது, புண் இல்லாவிட்டாலும் இதே முடிவுதான் என்று டாக்டர் சொன்னார். அவர் நல்ல மனிதர். அவர் சொன்னதை நான் நம்புகிறேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இனி நன்றி சொல்ல வேண்டும். வலிக்கு மருந்து எழுதி, அழைத்தபோதெல்லாம் வந்த டாக்டருக்கும், கடைசி வரை தினமும் வந்து கட்டு மாற்றிய ராஜேஸ்வரிக்கும், வகுப்பை இப்போதும் நடத்திக்கொண்டிருக்கும் அக்காவின் மாணவியருக்கும், ஈமச் சடங்குகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், இம்மலரை அச்சிட்ட தம்பிக்கும் எங்கள் நன்றி. நான் புண்ணை மறைத்து வைத்திருந்த அந்த நாட்களில் பாலிக் புலாவிலிருந்தும் நிபோங் திபாலிலிருந்தும் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, வெயிலில் பஸ் மாறி மாறி அக்காவைப் பார்க்க வந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்குள் நுழைந்தால் கோயிலுக்கு வந்தது போல் இருக்கிறது என்று சொன்ன பெரியம்மாவுக்கும் நன்றி. அக்கா தூங்குகிறார் என்று சொல்லி உங்கள் அனைவரையும் ஹாலிலேயே உட்கார வைத்து அனுப்பினேன். அவர் தூங்கவில்லை. யார் வந்திருக்கிறார்கள், யார் கிளம்புகிறார்கள் என்று கேட்டபடி விழித்துத்தான் இருந்தார். ஒவ்வொருவர் போன பிறகும் உங்கள் பெயரைச் சொல்லி, "ஏன் உள்ள வரல?" என்று என்னைக் கேட்டார். அவசரமாகப் போக வேண்டுமாம் என்று சொன்னேன்.