பிடித்தால் விடாத மருந்து

ஞானாம்பிகையின் தம்பி அம்பிகைபாகன், நில அளவை வேலையாக மலேசியாவின் பகாங் மாநிலக் காட்டுக்குப் போனவன். 1979இல் மலேரியாக் காய்ச்சலோடு பினாங்கு திரும்பினான். கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் போய்விட்டான். பல்கலைக்கழகத்தில் வேதியியல் விரிவுரையாளராக இருந்த ஞானாம்பிகை அப்போது துணிச் சாயங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதை விட்டு மலேரியாவின் பக்கம் திரும்ப அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

மலேரியாக் கிருமி நம் இரத்தத்திலுள்ள புரதத்தைச் செரித்து வாழ்கிறது. செரிக்க உதவும் நொதியை முடக்கினால் கிருமி பட்டினியால் சாகும். சாதாரண மருந்து நொதியில் ஒட்டும், பிறகு கழன்றுவிடும். ஞானாம்பிகை வடிவமைத்த மூலக்கூறு கழலாது. அதன் ஒரு முனை நொதியின் குழிக்குள் பொருந்தும். மறுமுனை அங்குள்ள கந்தக அணுவோடு வேதிப் பிணைப்பால் பூட்டிக்கொள்ளும்.

ஆய்வகத்தில் வளர்த்த கிருமிகள் அடியோடு செத்த அன்று, வீட்டுக்குப் போகும் வழியில் காரைக் கடலோரமாக நிறுத்திவிட்டு அழுதார்.

அடுத்து எலிச் சோதனை. விலங்குப் பிரிவின் மருத்துவர் மஹ்பூபா அவரை அழைத்தார்.

"அக்கா, வந்து பாருங்கலா. கிருமி போயிடுச்சி. ஆனா ஈரல் கெட்டுப் போச்சி."

பூட்டிக்கொள்ளும் அந்த மறுமுனை கிருமியின் நொதியோடு நிற்கவில்லை. ஈரலின் புரதங்களில் இருந்த கந்தகத்தையும் பற்றிக்கொண்டிருந்தது. பற்றியது விடவில்லை.

ஆய்வு முடிவுகளைச் சொல்ல வேண்டிய கோலாலம்பூர் மாநாடு நெருங்கியது. துறைத்தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்: "எலி ரிசல்ட் இப்ப வேணாம்லா. கிருமி செத்ததை மட்டும் பேசுங்க. ஆராய்ச்சிக்கு கிராண்ட் பணம் வரட்டும்."

ஞானாம்பிகைக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் கேட்டார்:

"காய்ச்சல்ல கிடக்கிறவனுக்கு இதை நான் கொடுப்பேனா சார்? மாட்டேன். அப்புறம் எப்படி மேடையில நல்ல மருந்துன்னு சொல்றது?"

மாநாட்டில் கெட்டுப்போன ஈரலின் படங்களையே முதலில் காட்டினார். கிராண்ட் வேறொருவருக்குப் போனது.

குழிக்குள் சரியாக அமர்ந்த பிறகே பற்றுகிற, வேகம் குறைந்த முனையைத் தேடி மஹ்பூபாவோடு மறுபடி தொடங்கினார். 1996இல் எலிகளின் ஈரல் தப்பியது. ஆனால் பாதி எலிகளின் இரத்தத்தில் கிருமி திரும்ப வந்தது. எந்த மருந்துக் கம்பெனியும் முன்வரவில்லை. இரண்டு முனைகளின் முடிவுகளையும் ஒளிக்காமல் பதிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றார்.

"வருத்தமா இருக்காக்கா?" என்று கேட்டார் மஹ்பூபா.

"இருக்கு. மருந்து வரலையே."

அதன்பின் வேறு இரண்டு நாடுகளின் ஆய்வாளர்கள், அவருடைய கட்டுரையைப் படித்து, ஈரலைக் கெடுத்த அந்த முதல் முனையோடு தாங்கள் தொடங்கவிருந்த சோதனையைக் கைவிட்டார்கள்.