லுங்கியைப் பார்க்க வந்த மான்

யாங்கூன் தின்கன்ஜூனில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிப் பிழைக்கிற நான் அமெரிக்காவுக்குப் போய் மான் வேட்டையில் நின்றேன் என்றால் கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினால், பூட்டு சரியாக விழுந்ததா என்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வருகிற ஆள் நான். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன், கணக்குப் பரீட்சைக்குப் பயந்து. அப்படிப்பட்டவனைத்தான் என் தங்கை விசா, டிக்கெட் எல்லாம் எடுத்து ஐடஹோவுக்குக் கூப்பிட்டாள்.

தங்கையும் மாப்பிள்ளையும் மலேசியாவில் பல வருஷம் இருந்து, அங்கிருந்து அகதிகளாக அந்த ஊர் போய்ச் சேர்ந்தவர்கள். மாப்பிள்ளைக்குப் பால் பண்ணையில் வேலை. ஹலால் கறிக்கடைக்குப் போக மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். அதனால் அவர் துப்பாக்கி வாங்கி, வகுப்புக்குப் போய், வேட்டைக்காரராகிவிட்டார். பெரிய குளிர்ப்பெட்டி நிறைய மான்கறி இருந்தால்தான் பனிக்காலம் முழுக்க வீட்டில் பிரியாணி. நான் போனபோது பெட்டி காலி.

போன முதல் ஞாயிறு என்னையும் மலைக்கு ஏற்றினார். அங்கே ஒரு வகை மான் உண்டு, கோவேறு கழுதைக்கு இருப்பது போலக் காது. மேல் சரிவில் ஒன்று நின்றதை எனக்குக் காட்டினார். அதை அடிக்க என்னைக் கீழே தனியாக விட்டுவிட்டு அரைமணி நேரம் ஏற வேண்டும். எனக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கியது. கரடி வருமா என்று மூன்று தடவை கேட்டிருந்தேன். அவர் மானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துப்பாக்கியைத் தோளில் மாட்டினார்.

"யாபாடே மச்சான், போவோம்." பரவாயில்லை என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் பர்மாப் பாஷையில்தான் சொல்கிறார்கள்.

அடுத்த ஞாயிறுதான் அந்த வருஷ வேட்டைக்குக் கடைசி நாள். அவரிடம் இன்னொரு மானுக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. பிராங்ஹார்ன் என்பார்கள். கொம்பு கவைபோல் பிரிந்திருப்பதால் மாப்பிள்ளை அதைக் கவைக்கொம்பன் என்பார். குலுக்கலில் ஆறு வருஷம் எழுதிப் போட்டு இந்த வருஷம்தான் விழுந்திருந்தது. அன்று பொழுது சாய்ந்தால் சீட்டு வெறும் காகிதம். மலையில் ஒரு மானை எனக்காக விட்டவர், இதையும் விட்டுவிட்டால் அந்தப் பனிக்காலம் என்னால்தான் வெறுங்காலம்.

மலைக்குக் கீழே, சேஜ் புதர் தவிர அதிகம் ஒன்றும் வளராத பாலைவெளி. முழங்கால் உயரச் சாம்பல் புதர், கசக்கினால் மருந்து வாசனை. எங்கள் ஊரில் கையை நீட்டினால் ஒரு சுவரோ ஆளோ இடிக்கும். அங்கே எதுவுமில்லை. காலையில் குளிர் நடுக்கியது. நான் சிவப்புக் கட்டம் போட்ட லுங்கியைக் கழுத்திலும் காதிலும் சுற்றிக்கொண்டேன். மாப்பிள்ளை சிரித்தார்: "மச்சான், த்வாண்டே கால்வாய்ப் படகுல போற ஆள் மாதிரி இருக்கீங்க."

ஒன்பது மணிக்கு ஆறு கவைக்கொம்பன்கள் ஒரு மேட்டுக்கு அப்பால் மேய்வதைப் பார்த்தோம். வயிற்றால் ஊர்ந்தோம். உள்ளங்கையில் கள்ளிமுள் ஏறியது, நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை துப்பாக்கியைப் பையின் மேல் வைத்துக் கன்னத்தைச் சேர்த்தார். விரல் உள்ளே போயிற்று. அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இறைவன் பெயரை, அந்த பிஸ்மியைச் சொல்லாமல் சுட்டுவிட்டால்? இவ்வளவு பாடும் வீணாகி, தங்கை சாப்பிடத் தயங்கினால்? தலையைத் தூக்கிக் கேட்டேன்.

"மாப்ள, பிஸ்மி சொன்னீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மிருகத்துக்குக் கண்தான் எல்லாம். என் தலை எழும்பியதை ஆறும் பார்த்தன. பின்பக்கத்து வெள்ளை மயிர் விரிந்தது. அப்புறம் வெறும் தூசிதான்.

மாப்பிள்ளை நெற்றியைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தார்.

"பிஸ்மில்லாவுல 'பிஸ்' வரைக்கும் வந்துட்டேன் மச்சான்."

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மதியம் வரை அவர் முன்னால், நான் பின்னால். வண்டியிலேயே இருந்திருக்கலாம், யாங்கூனிலேயே இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தேன்.

லுஹர் நேரம் வந்ததும் அவர் முதலில் தொழுதார். பிறகு ஐம்பது அடி இடப்பக்கம் தள்ளி, துப்பாக்கியோடு புதருக்குள் படுத்துவிட்டார். நான் போத்தல் தண்ணீரில் முகம் கைகால் கழுவி ஒளு எடுத்தேன். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. கழுத்து லுங்கியை அவிழ்த்து எனக்கு முன்னால் இரண்டு புதருக்கிடையே தடுப்பாகக் கட்டினேன். ஒரு முனை அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. விட்டுவிட்டேன். எதைத் தொட்டாலும் கெடுக்கிற நாள் அது.

முதல் ஸஜ்தாவுக்குக் குனியும்போது, லுங்கிக்கும் புதருக்கும் நடுவில் இருந்த சந்தில் அவற்றைப் பார்த்தேன். தூரத்தில் ஆறு வெள்ளை வயிறு. ஓடவில்லை. இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தன. நின்று பார்க்கும், நாலடி வைக்கும், மறுபடி நின்று பார்க்கும். படபடக்கிற துணி என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அவற்றால் போக முடியவில்லை.

நெற்றி மண்ணில் பட்டது. எழுந்தால் என் தலை தெரியும். எழவில்லை.

என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட ஸஜ்தா செய்ததில்லை. வழக்கமாக ஸஜ்தாவில் எனக்கு ஒரு பட்டியல் உண்டு: கடை வயரிங், மகனின் வேலை, மனைவியின் சர்க்கரை, மழைக்கு ஒழுகும் கூரை. அன்று பட்டியல் வரவில்லை. மூக்கில் சேஜ் வாசனை, காதில் லுங்கியின் சத்தம், அதற்குப் பின்னால் மெல்லிய குளம்படி. மாப்பிள்ளை தூங்கிவிட்டாரோ என்று ஒரு பயம் வந்தது. கூப்பிட முடியாது, தொழுகையில் இருக்கிறேன். வந்த பயம் போவதற்கும் வழியில்லாமல் என்னோடு சேர்ந்து மண்ணில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது.

வெடிச்சத்தம் மண் வழியாக நெற்றிக்குள் வந்தது.

மீதியைத் தொழுது சலாம் கொடுத்துவிட்டு ஓடினேன். அவர் மானின் கழுத்தை மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திருப்பி, அறுத்து முடித்து, கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உயிரு போறதுக்குள்ள அறுத்தாச்சு மச்சான். ஒங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க."

அழகான மிருகம். கண் அவ்வளவு பெரிது, அதில் முழு வானமும் தெரிந்தது. கழுத்தைத் தடவினேன், மயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். அன்று சுற்றவில்லை என்று சொன்னால் பொய். சுற்றியது, ஆனாலும் மானின் காலைப் பிடித்துக்கொண்டேன். சூட்டில் கறி கெடுவதற்குள் தோலை உரித்து ஆறவிட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார்.

நடுவில் நிமிர்ந்து கேட்டார்: "துணி காட்டுனா வரும்னு இங்க கிழவனுங்க சொல்வானுங்க. நான் நம்பல. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மாப்ள. மண்ணடிச்சுது, கட்டினேன்."

"சரி, தலைய தூக்காம அவ்வளவு நேரம் எப்படிக் கெடந்தீங்க?"

"பயந்துட்டு."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ரத்தக் கையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார். மான்கள் ஓடியதிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

கறியைத் துணிப்பைகளில் கட்டி இருவரும் சுமந்தோம். வண்டி ஒன்றரை மைல். பின்தொடை என் முதுகில் இன்னும் சூடாக இருந்தது, சட்டை வழியாகத் தெரிந்தது. வயதான உடம்புக்கு அது நல்ல கனம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சொல்லி அடி வைத்தேன். மானுக்கும் சேர்த்து, என்னைக் கூப்பிட்ட தங்கைக்கும் சேர்த்து. முன்னால் போன மாப்பிள்ளை என் மூச்சுச் சத்தம் கேட்டு, திரும்பிப் பார்க்காமலே நடையைக் குறைத்துக்கொண்டார்.